அடுப்பங்கரையில் தேறினால்தான் விற்பனைக்கு

நான் வனையும் கோப்பையோ தட்டோ எதுவானாலும் முதலில் எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குத்தான் போகும். புது வடிவம், புது மண் கலவை, புது கிளேஸ் (மேலே பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) என்று எதை மாற்றினாலும் சில வாரம் அதில் புளிக்குழம்பு ஊற்றி, தயிர் உறைய வைத்து, கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிக் குடித்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் கைக்குக் கொடுப்பேன். மண்பாண்டம், ஓவியம், வீட்டு பேக்கிங் மூன்றையும் எப்படிச் சேர்த்துச் செய்ய முடிகிறது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எனக்கு அவை தனித்தனி வேலையாகத் தோன்றியதே இல்லை. ரொட்டி சுடுவதற்காக ஒரு சட்டி வேண்டியிருந்தது, அதைச் செய்தேன். அந்தச் சட்டியைச் சாப்பாட்டு மேசைக்கு அப்படியே எடுத்து வரவேண்டும் என்பதற்காக அதன்மேல் வரைந்தேன். புழங்கப் புழங்கத்தான் வடிவம் திருந்துகிறது என்பது இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது. இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, எனக்குக் கைவந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம். தென்பெண்ணை கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, சுற்றிலும் மாந்தோப்பு. கிருஷ்ணகிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழம் நினைவுக்கு வரும். எனக்கு அதோடு மாங்கட்டைச் சாம்பலும், கிரானைட் பட்டறைத் தூளும், ஏரி மண்ணும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மூன்றும் என் பட்டறையில் டப்பா டப்பாவாக இருக்கின்றன.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன். நான் இரண்டு வகை மண்ணைப் புழங்குகிறேன். ஒன்று இங்கே ஏரியில் எடுக்கும் களிமண். சட்டி, பானை, அகல், பூந்தொட்டி எல்லாம் அதில்தான். 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் போதும், நல்ல செங்கல் சிவப்பில் வரும். இரும்புச்சத்து அதிகமான மண் என்பதால் 1100 டிகிரிக்கு மேலே கொண்டுபோனால் ஊதிக்கொள்ளும், சரிந்துவிடும். இரண்டாவது வெளியிலிருந்து மூட்டையாக வாங்கும் ஸ்டோன்வேர் மண், அதிகச் சூட்டில் கல்போல இறுகுவது. சீனக்களிமண், பால் கிளே என்னும் பசைக் களிமண், சூட்டில் உருகும் ஃபெல்ட்ஸ்பார் கல், குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் கலந்தது. 1220, 1240 டிகிரி வரை தாங்கும், சுட்டபின் தண்ணீர் கசியாது. கோப்பை, தட்டு, சாலட் கிண்ணம் இதில் செய்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டோன்வேர் கெட்டியாக இருக்கிறதே என்று நம்பிக் கேஸ் அடுப்பில் வைக்கக் கூடாது. நேரடித் தீ பட்டால் ஒருபக்கம் விரிந்து ஒருபக்கம் விரியாமல் படாரென்று பிளந்துவிடும். பார்க்கச் சொரசொரப்பாகவும் எளிமையாகவும் இருக்கும் ஏரி மண் சட்டிதான் தீயைத் தாங்கும். அதன் உடம்பில் நுண்ணிய துளைகள் இருப்பதால் விரிவதற்கு இடம் கிடைக்கிறது. நம் ஊர்க் குழம்புச் சட்டி தலைமுறை தலைமுறையாக அடுப்பில் நிற்பதற்குக் காரணம் அதுதான். விலை அதிகமான பீங்கான்தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஏரி மண்ணைப் பதப்படுத்தும் வேலையை எங்கள் ஊரில் பரம்பரையாகச் சட்டி பானை செய்யும் ஒரு தாத்தாவிடம் கற்றேன். ஈரமாக இருக்கும் மண்கட்டியைத் தண்ணீரில் போட்டால் நாள்கணக்கில் கரையாமல் கிடக்கும். அதையே வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துவிட்டுத் தண்ணீரில் போட்டால், புஸ்ஸென்று குமிழி விட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிர்ந்து சேறாகிவிடும். அந்தச் சேற்றைச் சலித்து, மேலே தெளியும் தண்ணீரை வடித்து, பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டால் பிசையும் பதத்துக்கு வரும். மண் வனைய ஆகுமா என்று பார்க்க, அதை விரல் பருமனுக்குக் கயிறாக உருட்டி விரலைச் சுற்றி வளைப்பார் தாத்தா. வளைவில் வெடிப்பு விட்டால், "இன்னும் கொஞ்சம் பசை மண்ணு சேர்க்கணும் கண்ணு" என்பார். ரொம்பவும் பசையாக இருந்தால் பொடி மணல் சேர்ப்பார், இல்லாவிட்டால் காயும்போது பிளக்கும்.

சலிக்கும்போது கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியது சுக்கான்கல். கடுகளவு வெள்ளைத் துகள்களாக ஏரி மண்ணில் கலந்திருக்கும். அது சுண்ணாம்புக்கல். சூளைச் சூட்டில் அது நீற்றாத சுண்ணாம்பாக மாறிவிடும். பாத்திரம் நன்றாகத்தான் வெளியே வரும், தட்டினால் கணீரென்றுகூடக் கேட்கும். அதன் பிறகு, காற்றிலுள்ள ஈரத்தை அந்தத் துகள் மெல்ல மெல்ல இழுத்து ஊதும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தின் பக்கவாட்டில் காசு அளவுக்கு ஓர் ஓடு பெயர்ந்து விழுந்திருக்கும், குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி உட்கார்ந்திருக்கும். ஜன்னல் கம்பி வலையில் சலித்தால் போதாது, மாவு சலிக்கும் சல்லடை அளவுக்கு நெருக்கமான வலை வேண்டும். சந்தேகம் வந்தால் காய்ந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மண்ணை விட்டுவிட்டு வேறு இடத்து மண் பாருங்கள்.

ஏரியில் மண் எடுக்க அனுமதி வாங்கவேண்டும். முன்பு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை போகவேண்டியிருந்தது. மண்பாண்டத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் மண் எடுக்க 2024-ல் இருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். சின்ன அளவில் செய்பவர்களுக்கு இன்னும் எளிய வழி, ஊரில் இந்தத் தொழில் செய்யும் குடும்பத்திடம் பதப்படுத்திய மண்ணையே விலை கொடுத்து வாங்குவது. அவர்கள் உழைப்புக்கும் காசு போய்ச் சேரும்.

அடுத்து, காயவைப்பது. எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் வீசும் வறண்ட காற்றுக்குக் காலையில் வனைந்த தட்டு மதியத்துக்குள் விளிம்பு வெளுத்துவிடும். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்க, நடு ஈரமாகவே நிற்க, தட்டு படகுபோல வளைந்துவிடும். கோப்பைக்கு இன்னும் சிக்கல். கோப்பை உடம்பும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டவேண்டும். கைப்பிடி மெலிது, அது முந்திக்கொண்டு காயும், ஒட்டின இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விடும். பச்சையாக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. சுட்டபின் தெரியும். நான் செய்வது இவ்வளவுதான்: ஒட்டியவுடன் கைப்பிடியின் மேல் ஈரத்துணித் துண்டு ஒன்றைச் சுற்றி, மொத்தக் கோப்பையையும் பாலிதீன் கவரில் மூடி ஓர் இரவு வைத்துவிடுகிறேன். ஈரம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவிக்கொள்ளும். மறுநாள் கவரை எடுத்துவிட்டுப் பழைய பருத்திச் சேலையைப் போர்த்தி, கோப்பையைக் கவிழ்த்து, காற்று படாத மூலையில் காயவிடுகிறேன். மின்விசிறியின் கீழே காயவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, ஓடிப்போய் அணைத்துவிடுவேன்.

சுருக்கக் கணக்கும் தெரிந்திருக்கவேண்டும். நான் வாங்கும் ஸ்டோன்வேர் மண், ஈரத்திலிருந்து கடைசிச் சுடல் வரை ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்குகிறது. கடைசியில் 10 செ.மீ. விட்டம் வேண்டுமானால் வனையும்போது 11.4 செ.மீ. வைக்கவேண்டும். உங்கள் மண்ணின் சுருக்கத்தைக் கண்டுபிடிக்க, ஒரு பட்டையாகத் தட்டி, அதில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறி, காயவைத்துச் சுட்டுவிட்டு அந்தக் கோட்டை அளந்தால் போதும். ஒவ்வொரு புது மூட்டைக்கும் இதைச் செய்கிறேன். ஜாடியின் மூடியை ஜாடி வனைந்த அன்றே, அதே மண்ணில் செய்துவிடுவது நல்லது.

சூளை விஷயத்தில் அவசரப்படும் இடமும் அவசரப்படக்கூடாத இடமும் உண்டு. முதல் 100 டிகிரி வரை மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்து மெதுவாக ஏற்றவேண்டும். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் பாத்திரத்துக்குள்ளும் ஈரம் இருக்கும், அது நீராவியாகி வெளியேற வழி இல்லையென்றால் வெடிக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை. 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணோடு வேதியியலாகக் கட்டுண்டிருக்கும் நீர் பிரிகிறது, அதன்பிறகு மண் மறுபடி சேறாகாது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் திடீரென்று சுருங்கும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்கவேண்டும். சூளையைச் சூடாகத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையால் பிளந்துபோகும் தட்டுகள்தான் அதிகம். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை நான் மூடியைத் தொடுவதில்லை.

மின்செலவு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 6 கிலோவாட் சூளை எட்டு மணி நேரம் முழுதாக இழுத்தாலும் 48 யூனிட்தான், நடைமுறையில் அதற்கும் குறைவு. ஆனால் வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் மின்வாரியத்தில் கூட்டிக்கொண்டு, தனி வயர், தனி பிரேக்கர் போட்ட பிறகுதான் சூளையை இணைக்கவேண்டும். மின்னழுத்தம் குறையும் மாலை நேரத்தைத் தவிர்த்து இரவில் ஏற்றினால் சூடு சீராக ஏறுகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கிளேஸ். கண்ணாடி ஆகும் மணல், அது வழிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் களிமண், உருகச் செய்யும் உப்புப் பொருள்கள். எந்தக் கிளேஸும் இந்த மூன்றின் கூட்டுதான். உருகச் செய்யும் பொருளாக நான் மாங்கட்டைச் சாம்பலைப் பயன்படுத்துகிறேன். அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது தோப்புகளில் கிளைகள் மலைபோலக் குவியும். நெருங்கியவர்கள் தோப்பில் சுத்தமான தரையில் எரித்து, மண்ணும் பிளாஸ்டிக்கும் கலக்காமல் சாம்பலை அள்ளி வருகிறேன். மரச்சாம்பலில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கும், அதுதான் உருக்குகிறது. நெல் உமிச் சாம்பல் வேறு மாதிரி. அது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள், தனியாக உருகாது. சேர்த்தால் கிளேஸ் பால்போல் மங்கலாக வரும்.

சாம்பல் 40, ஃபெல்ட்ஸ்பார் 40, களிமண் 20 என்பது உலகம் முழுக்கக் குயவர்கள் தொடங்கும் பழைய விகிதம். அதில் தொடங்கி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சின்னச் சின்ன ஓடுகளில் பூசி, பின்பக்கம் இரும்பு ஆக்சைடால் எண் எழுதிச் சுட்டு, நோட்டில் குறித்துவைக்கிறேன். ஃபெல்ட்ஸ்பாருக்குப் பதிலாகக் கிரானைட் தூளைப் போட்டுப் பார்க்கத் தோன்றியது இந்த ஊரில் இருப்பதால்தான். கிரானைட்டே ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் மைக்காவும் சேர்ந்த கல்தான். வெளிர் நிறக் கல்லின் தூள் இளம் பச்சை ஓடிய சாம்பல் நிறம் தந்தது. கறுப்புக் கல்லில் இரும்பு அதிகம். அதன் தூள், மாஞ்சாம்பலோடு சேர்ந்து 1230 டிகிரியில் உருகி, கோப்பை விளிம்பில் தேன் நிறமாகவும், கீழே தடித்து ஓடிய இடத்தில் கரும்பழுப்பாகவும் வந்தது. நல்ல வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பழுப்புக்குள் மெல்லிய கோடு கோடாக மஞ்சள் வழிந்திருக்கும். அத்தனையும் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் கிடைத்த குப்பை. எனக்கு இதைவிடச் சந்தோஷம் தந்த வேலை வேறு இல்லை.

பட்டறைத் தூள் எடுக்கும்போது ஒன்று பாருங்கள். வைரப் பிளேடால் அறுக்கும் இடத்துத் தூள் சுத்தமாக இருக்கும். பல பிளேடுகள் சேர்ந்த பெரிய ரம்பத்தில் எஃகுத் துகளும் சுண்ணாம்பும் ஊற்றி அறுப்பார்கள். அந்தச் சேற்றில் எல்லாம் கலந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் வேறு விளைவு வரும்.

சாம்பலும் கல்தூளும் சாதுவான பொருள்கள் இல்லை. சாம்பல் கரைத்த தண்ணீர் காரம், கையைத் தின்றுவிடும், உறை போடாமல் அதில் கையை விடக்கூடாது. கல்தூளிலும் மண்தூளிலும் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்னும் நோய் வரும், வந்தால் குணமாகாது. அளந்து கொட்டும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். சமையலறையும் பட்டறையும் ஒரே அறையாக இருக்கக்கூடாது. இடமில்லை என்றால் வராந்தாவில் செய்யுங்கள், மொட்டைமாடியில் செய்யுங்கள், ரொட்டி மாவு பிசையும் மேடையில் மட்டும் வேண்டாம்.

ஓவியத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்து மல்லபாடியில் பழங்காலத்தவர் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த குதிரை வீரர்களைப் பார்த்தபின் என் கை மாறியது. நாலு கோட்டில் குதிரை, இரண்டு கோட்டில் ஆள். கண், மூக்கு எதுவும் இல்லை, ஆனால் வேகம் இருக்கிறது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தபோது ஊரே இரும்பைப் பற்றிப் பேசியது. நான் அங்கே கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே சிவப்பு, உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்று போகாமல் புகையில் கறுத்து, வெளியே காற்று பட்டுச் சிவந்துவிடும். சாயம் எதுவும் பூசாமல், தீயை வைத்தே இரண்டு நிறம் எடுத்திருக்கிறார்கள். தாத்தாவின் சூளையில் உமியில் கவிழ்த்து வைத்துச் சில கிண்ணங்களைச் சுட்டோம், அதே நிறம் வந்தது. அந்தக் கறுப்பின்மேல் எதையும் வரைய எனக்கு மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

வரைவதற்கு நான் வைத்திருக்கும் வண்ணம் மிகக் குறைவு. சலித்த செம்மண் குழம்பு, சீனக்களிமண்ணின் வெள்ளைக் குழம்பு, இரும்பு ஆக்சைடு, துளி கோபால்ட். கோபால்ட் விலை அதிகம், ஆனால் கிளேஸில் 1 சதவீதம் போட்டாலே கடும் நீலம் வந்துவிடும். கிளேஸ் பூசுவதற்கு முன் ஒருமுறை சுடுவோம். அந்த முதல் சுடல் முடிந்த பாத்திரம் தண்ணீரை உறிஞ்சும், தூரிகை வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஈர ஸ்பாஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டு வரைந்தால் கோடு ஓடும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது வசப்படும், ஏனென்றால் கோலத்திலும் திரும்பிப்போய்த் திருத்த முடியாது.

அக்ரிலிக் பெயின்ட் அடித்த மண் கோப்பைகளைச் சந்தையில் நிறையப் பார்க்கிறேன். அலங்காரத்துக்கு வைக்கலாம், வாய் வைத்துக் குடிக்க அது ஆகாது. சாப்பாடு படும் இடத்தில் வரும் நிறம் கிளேஸுக்கு அடியில் சுடப்பட்டிருக்கவேண்டும். ஈயம் கலந்த கிளேஸ் பளபளவென்று இருக்கும், உடம்புக்கு விஷம். வாங்கும் இடத்தில் ஈயம், காட்மியம் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். செம்பு அதிகம் போட்ட பச்சை, புளிப்பு பட்டால் உணவில் இறங்கும். பாத்திரத்தின் உட்பக்கத்தில் நான் அதைப் பூசுவதில்லை.

சனிக்கிழமை என் வீட்டில் ரொட்டி நாள். மண்ணைப் பிசைவது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற, மாவைப் பிசைவது காற்றைப் பிடித்து வைக்கும் பசையை உண்டாக்க. இரண்டுக்கும் கை அழுத்தம் வேறு வேறு, ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் வட்டாரத்துச் சாப்பாடு கேழ்வரகு. களியும் கூழும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு மைதா ரொட்டி சவசவவென்று இருந்தது. ஆனால் கேழ்வரகில் அந்தப் பசை, அதாவது குளூட்டன், இல்லை, அதை மட்டும் வைத்து உப்பலான ரொட்டி வராது. பச்சை மாவாகக் கலந்தால் சொரசொரவென்று உதிரும். அதற்கு வழி நம் கூழிலேயே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 200 மில்லி கொதிநீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கிண்டி ஆறவிடுங்கள். அதோடு 300 கிராம் மைதா அல்லது ரொட்டி மாவு, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 8 கிராம் உப்பு, ஒரு கரண்டி நாட்டுச்சர்க்கரை, 80 முதல் 100 மில்லி தண்ணீர். கைக்கு லேசாக ஒட்டும் பதத்தில் பிசைந்து, இரட்டிப்பாக உப்பும் வரை விடுங்கள். சித்திரையில் ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் ஓடிஜி என்னும் சிறு மின்னடுப்புக்குள் பல்பு மட்டும் போட்டு வைக்கவேண்டும். முன்பே வெந்த கேழ்வரகு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி மறுநாளும் மெத்தென்று இருக்கும்.

இதைச் சுடுவது ஏரி மண்ணில் செய்த மூடிபோட்ட சட்டியில். சட்டிக்கான மண்ணில், விரிசல் விட்ட பழைய ஓடுகளை இடித்துச் சலித்த தூளைப் பத்தில் ஒரு பங்கு சேர்க்கிறேன், சூட்டைத் தாங்கும் சக்தி கூடுகிறது. புதுச் சட்டியைச் சோறு வடித்த கஞ்சியில் ஒரு நாள் ஊறவைத்து, கஞ்சி ஊற்றியே சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பழக்கவேண்டும், கஞ்சிப் பசை துளைகளை அடைக்கும். சட்டியில் வாழையிலை விரித்து மாவை வைத்து, சூடேறாத ஓடிஜியில் வைத்துவிட்டுத்தான் 220 டிகிரிக்குத் திருப்புகிறேன். சூடான ஓடிஜியில் குளிர்ந்த சட்டி வைத்தால் பிளக்கும். மூடியோடு 45 நிமிடம், மூடியைத் திறந்து இன்னும் பத்து நிமிடம். மூடிக்குள் மாவின் நீராவியே சுற்றுவதால் மேல்தோல் காய்வதற்குமுன் ரொட்டி நன்றாக எழும்புகிறது. வாழையிலை அடியில் கருகி ஒட்டாமல் வரும், அந்த வாசனையே தனி.

மாம்பழக் காலத்தில் கேக். இங்கே பெங்களூரா என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போவது. அதன் லேசான புளிப்பு சமையல் சோடாவோடு சேர்ந்து கேக்கை நன்றாக உப்பவைக்கிறது. இனிப்புக்கும் நிறத்துக்கும் செந்தூரா கொஞ்சம் கலந்துகொள்கிறேன். காசுக்கு விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளருக்கான பதிவை முதலில் செய்துவிடுங்கள். அது பெரிய செலவில்லை.

வீட்டுச் சோதனை என்று ஆரம்பத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள்மேல் ஓர் இரவு வைப்பேன், காலையில் தாளில் ஈர வட்டம் இருந்தால் அது பூத்தொட்டிக்குப் போகும். கெட்டியான புளிக்கரைசலை ஊற்றி ஓர் இரவு வைப்பேன். கிளேஸின் நிறம் மங்கினாலோ பளபளப்பு போனாலோ அந்தக் கிளேஸைச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன். இதில் தேறினால்கூட ஈயம் இல்லை என்று ஆகாது, அதற்குச் சோதனைக்கூடம்தான். ஃபிரிட்ஜில் வைத்த கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றுவேன். டின் டின்னென்று சத்தம் வந்து நூல்போல் வெடிப்பு ஓடினால், கிளேஸும் மண்ணும் ஒத்துப்போகவில்லை என்று பொருள், குவார்ட்ஸைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கவேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லும். எந்தப் புத்தகமும் சொல்லாததை என் மாமியார் சொல்வார். "கைப்பிடி பாக்க அழகாத்தான்மா இருக்கு, ஆனா ரெண்டு விரல்தான் நொழையுது. டீயோட தூக்கினா மணிக்கட்டு வலிக்குது" என்று அத்தை சொன்னபிறகு கைப்பிடியைப் பெரிதாக்கி, கொஞ்சம் மேலே தள்ளி ஒட்டினேன். மூட்டுவலி உள்ளவர்களுக்கென்றே இப்போது அந்த வடிவத்தைத் தேடி வாங்குகிறார்கள். தட்டின் விளிம்பை உயர்த்தியதும் அவர் சொல்லித்தான், களி உருண்டைக்குச் சுற்றிலும் குழம்பு நிற்கவேண்டுமே.

தொடங்குபவர்கள் சக்கரத்தைக் கடைசியில் வாங்கினால் போதும். கையால் கிள்ளிக் கிண்ணம், பூரிக்கட்டையால் தேய்த்துத் தட்டு, பழைய கத்தி, ஒரு ஸ்பாஞ்ச், சைக்கிள் பிரேக் கம்பி என்று வீட்டில் இருப்பதை வைத்தே ஒரு வருடம் தாராளமாகச் செய்யலாம். சூளையும் உடனே தேவையில்லை. பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர்தான், கட்டணம் வாங்கிக்கொண்டு சுட்டுத் தரும் பட்டறைகள் அங்கே உண்டு. விலை போடும்போது மண், மின்சாரம், கைவேலை நேரத்தோடு, பத்தில் ஒன்று உடையும் என்பதையும் சேர்த்தே போடவேண்டும். இல்லாவிட்டால் வேலை இருக்கும், வருமானம் இருக்காது. தெரிந்தவர்களுக்கு விலை குறைத்துக் கொடுப்பதைவிட, ஒரு ரொட்டி சேர்த்துக் கொடுக்கலாம்.

அகல் மட்டும் நான் செய்வதில்லை. கேட்பவர்களைத் தாத்தாவிடம் அனுப்பிவிடுகிறேன். சக்கரத்தின் நடுவில் ஒரே குவியலாக மண்ணை நிறுத்தி, உச்சியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, சுட்டுவிரலால் விளிம்பில் ஒரு கிள்ளு, நூலால் ஓர் அறுப்பு. பேசிக்கொண்டே பலகை பலகையாக நிரப்பிவிடுவார். வேகமாகச் செய்கிறாரே, இதற்கு இவ்வளவா என்று யாரும் அவரிடம் பேரம் பேசவேண்டாம். அந்த வேகத்துக்கு வர ஒரு வாழ்நாள் ஆகியிருக்கிறது. கார்த்திகைக்கு வேண்டுபவர்கள் புரட்டாசியிலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காயவைக்கவும் சூளை மூட்டவும் அவருக்கு வெயில் கிடைக்காது.